இடித்துப்போட்ட பவுலிங் கூடத்தில் அப்படி என்னதான் இருந்தது?

கேள்வி: ஒரு வாசகர், பிப்ரவரி 8

எங்கள் பக்கத்தில் இருந்த, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து ஆடும் பழைய பவுலிங் கூடத்தை மூடி வருஷக்கணக்காகிறது. இன்னமும் பெரியவர்கள் நாலு பேர் கூடினால் அதைப் பற்றித்தான் பேச்சு. எனக்குப் புரியவில்லை. அதே பந்து, பின் என்கிற அதே பத்துக் கட்டைகள், அதே அறுபது அடி. இப்போது வணிக வளாகத்தில் இருக்கும் லேன், அதாவது பந்து உருளுகிற தரை, அதைவிடப் பளபளப்பு, கணக்கையும் இயந்திரமே போட்டுவிடுகிறது. பழையதில் எதை இழந்துவிட்டோம்? நீங்கள் எல்லாரும் தேடுவது உங்கள் இளமையைத்தானே, கூடத்தை இல்லையே?

பிப்ரவரி 8, இரவு 10.40

இளமையா? அந்த வயதில் எனக்கு இருந்தது முகமெல்லாம் பரு, தலைக்குமேல் பரீட்சை, காலியான சட்டைப்பை. திரும்பப் போகச் சொன்னால் மாட்டேன். நான் கூடத்தைத்தான் சொல்கிறேன்.

தூரம் அதே தூரம்தான், மறுக்கவில்லை. ஆடுகிறவர் தாண்டக் கூடாத ஃபௌல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. லேனின் அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம். பின்னின் உயரம் 15 அங்குலம். 1895ல் நியூயார்க்கில் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் அமைந்து, ஊருக்கு ஒரு விதமாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை ஒரே விதிக்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே டேப்பை நீட்டி அளந்தால் எல்லாக் கூடமும் ஒன்றுதான். ஆடிப் பார்த்தால் ஒன்றில்லை.

எங்கள் கூடத்தில் இருந்தது மர லேன். முப்பத்தொன்பது பலகைகள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பந்து வந்து இறங்கும் முன்பகுதியும் பின்கள் நிற்கும் கடைசிப் பகுதியும் மேப்பிள் மரம், அடி வாங்குகிற இடங்கள் அவைதான் என்பதால். நடுவில் பைன். மேப்பிள் கெட்டி, பைன் மெத்து. இரண்டும் ஒரே மாதிரி தேயாது. மரம் ஈரத்தை வாங்கும், வறளும், இழைத்துப் பூச்சு பூசினால் கொஞ்ச நாள் புதிதாக நடிக்கும், பிறகு பழைய குணம் வெளியே வரும்.

ஏழாம் லேனில் பந்து திரும்பாது, திரும்பாது, இனிமேல் எங்கே திரும்பப்போகிறது என்று நாம் கைவிடும் நேரத்தில் சட்டென்று உள்ளே ஏறும். பக்கத்திலேயே இருந்த எட்டு நேர் எதிர். பாதி வழியிலேயே அவசரப்படும். அணிகள் வாராவாரம் மோதுகிற லீக் ஆட்டத்தில் இரண்டு லேனிலும் மாறி மாறித்தான் ஆட வேண்டும். ஆகவே ஏழில் ஒரு இடத்தில் நின்று ஆரம்பிப்போம், எட்டில் இரண்டு பலகை இடதுபக்கம் தள்ளி நிற்போம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் சொல்லியும் தரவில்லை. காலுக்குத் தெரியும்.

கூடத்தை மூடிய அன்று அந்த அறிவு செல்லாக்காசாகிவிட்டது. என்ன இழந்தோம் என்று கேட்டீர்கள். நான் இழந்தது அதை.

பிப்ரவரி 9, காலை

“கோணலான தரையை வைத்துக்கொண்டு அதற்குக் குணம் என்று பெயர் சூட்டுகிறீர்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல அடி. ஆனால் தரை கோணல் இல்லை, தேய்ந்தது. யாரால் தேய்ந்தது என்பதுதான் விஷயம்.

லேனில் ஏழு அம்புக்குறிகள் இருக்கும், ஐந்து பலகைக்கு ஒன்று. வலக்கைக்காரர்களில் பெரும்பாலானோர் வலதுபக்கத்திலிருந்து இரண்டாவது அம்பைக் குறிவைத்து விடுவார்கள், அதாவது பத்தாவது பலகை. வருஷக்கணக்கில் எல்லாரும் அதே பலகையில் விட்டால்? பழைய வீட்டின் வாசற்படி நடுவில் குழிந்திருக்குமே, அந்த மாதிரி கண்ணுக்கே தெரியாத ஒரு தடம் விழும். அந்தத் தடத்தில் பந்து மாட்டிக்கொண்டால் அதுவே கூட்டிப் போய்ச் சரியான இடத்தில் விட்டுவிடும். நமக்கு முன்னால் ஆடின நூற்றுக்கணக்கான பேர் நமக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிந்தெடிக் லேனில் இது நடக்காது. நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் செய்கிறார்கள்.

பிப்ரவரி 9, மதியம்

இடக்கைக்காரர்களை விட்டுவிட்டேனே என்று தொலைபேசியிலேயே கூப்பிட்டுத் திட்டிவிட்டான் ஒரு பழைய கூட்டாளி. அவனும் இடக்கை.

இடதுபக்கத்தில் ஆட்டம் குறைவு. தேய்மானமும் குறைவு. எண்ணெயும் கலையாமல் அப்படியே கிடக்கும். “உங்களுக்கென்னப்பா, தனி லேன்” என்று வலக்கைக்காரர்கள் எரிவார்கள். தொழில்முறை ஆட்டத்திலும் இந்தச் சண்டை உண்டு. ஏர்ல் ஆண்டனி இடக்கைக்காரர். 1975ல் ஒரே பருவத்தில் லட்சம் டாலர் பரிசு வாங்கின முதல் பவுலர். அவர் ஜெயித்ததெல்லாம் இடதுபக்கம் சுத்தமாக இருந்ததால்தான் என்று பேசினவர்கள் இருந்தார்கள். அப்படியானால் எல்லா இடக்கைக்காரர்களும் ஏர்ல் ஆண்டனி ஆகியிருக்க வேண்டுமே. என் கூட்டாளி ஆகவில்லை. இதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 10

எண்ணெய் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். எந்த எண்ணெய், எதற்கு என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

லேன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். நின்று பார்த்தால் தெரியாது, விரலால் தொட்டால் தெரியும் (தொடாதீர்கள், திட்டுவார்கள்). ஒரு லேனுக்கு மொத்தமே இருபது முப்பது மில்லிதான். பெரும்பாலான கூடங்களில் முதல் நாற்பது அடி வாக்கில் எண்ணெய், மிச்சம் உலர்ந்த தரை. ஆரம்பத்தில் இதைப் போட்டது மரத்தைக் காப்பாற்றத்தான். பதினாறு பவுண்டு வரை கனமுள்ள பந்து உராய்ந்துகொண்டே போனால் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

பிறகு அதுவே ஆட்டத்தின் பாதியாகிவிட்டது. எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு நேரே போகும், உலர்ந்த இடத்துக்கு வந்ததும் பிடித்துத் திரும்பும். நடுவில் தாராளமாகவும் ஓரங்களில் குறைவாகவும் போட்டு வைத்தால் புதிதாக வருகிறவனுக்கும் ஸ்ட்ரைக் (ஒரே வீச்சில் பத்துப் பின்னும்) விழும், நாளைக்கும் வருவான். கூடக்காரர்களின் வியாபாரத் தந்திரம் இது. எங்கள் கூடத்திலும் சனி ஞாயிறில் இப்படித்தான் போட்டார்கள்.

பந்து மாறினபோது இந்தக் கணக்கும் மாறியது. கெட்டி ரப்பர் பந்தும் பிளாஸ்டிக் பந்தும் எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு போகும்; மாலை ஆகஆக உலர்ந்த பகுதியும் வழுக்க ஆரம்பிக்கும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்து எண்ணெயைக் குடித்துவிடும். மாலை ஆகஆக லேன் வறளும். அதே ஏழாம் லேனில் ஒரே வாரத்தில் எல்லாருடைய பாடமும் தலைகீழானது. முதல் மாதம் கூடத்தில் ஒரே புலம்பல். பெரியவர் ஒருவர் தன் ரப்பர் பந்தைத் துடைத்துக்கொண்டே, “விலைக்கு வாங்கின திருப்பம்டா அது, உன் கையில இருந்து வந்ததா?” என்று கேட்டார். புதுப் பந்து வைத்திருந்த யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ஜெயித்தது என்னவோ புதுப் பந்துதான்.

பிப்ரவரி 11, இரவு

இன்று பின்பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். கேள்வி கேட்டவர் இதைப் பார்த்தே இருக்கமாட்டார். ஆடுகிற முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை.

லேன்களின் கடைசியில், பின்களுக்கு மேலே படம் வரைந்த பலகை தெரியுமே, அதற்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான நடைபாதை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாக இயந்திரங்கள். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். லீக் இல்லாத நாட்களில் நான் அங்கேதான் கிடப்பேன். கூலி கிடையாது, ஆட்டம் இலவசம்.

சத்தம் சொல்லி மாளாது. வாயைத் திறந்து பேசிப் பயனில்லை, எல்லாம் கை ஜாடைதான். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து எந்த இயந்திரத்துக்கு என்ன நோவு என்று அண்ணன் பிரித்துச் சொல்லுவார். காதருகில் வந்து, “டேய், பதினொண்ணு இருமுது. பெல்ட்டப் பாரு” என்பார். போய்ப் பார்த்தால் பெல்ட் ஓரம் கிழிந்து நூல் தொங்கும்.

இயந்திரம் செய்கிற வேலையை நிதானமாகச் சொல்கிறேன். பந்து பின்களை அடித்துவிட்டுக் கடைசியில் தொங்குகிற கனத்த மெத்தையில் மோதும். அந்த மோதல்தான் இயந்திரத்துக்குச் சமிக்ஞை. உடனே துடைப்பான் சட்டம் இறங்கி லேனை மறிக்கும். மேலிருந்து மேசை இறங்கி, நின்றுகொண்டிருக்கும் பின்களின் கழுத்தைப் பிடித்து அப்படியே தூக்கும். சட்டம் பின்னால் போய் விழுந்து கிடப்பதையெல்லாம் கூட்டித் தள்ளும். மேசை மறுபடி இறங்கி, தூக்கின பின்களைத் தூக்கின இடத்திலேயே வைக்கும். ஒரு பின் அடிபட்டு இரண்டு அங்குலம் நகர்ந்து நின்றால், நகர்ந்த இடத்திலேயேதான் வைக்கும். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ மாயம். பின்னாலிருந்து பார்த்தால், விழுந்த பின்கள் கம்பளப் பட்டையில் புரண்டு வந்து, பெரிய சக்கரத்தில் ஏறி, உச்சிக்குப் போய், ஒவ்வொன்றாகத் தலை கால் பார்த்து அதனதன் கிண்ணத்தில் விழும். ஒரு இயந்திரத்துக்குள் பத்துப் பின்தான் இருக்கும் என்று நினைப்போம். இருபது சொச்சம் சுற்றிக்கொண்டிருக்கும், அடுத்த பத்து எப்போதும் தயாராக இருப்பதற்கு.

அண்ணனுக்கு ஒரே ஒரு சட்டம். முதலில் சுவிட்சை அணை, அப்புறம் கை. அவருடைய இடதுகை நடுவிரலில் நகம் இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பிப்ரவரி 11, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர்கள் சிறுவர்கள். பின் பையன்கள். பின்களுக்குப் பின்னால் இருக்கும் குழிக்கு மேலே ஒரு திட்டில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பந்து வந்து அடித்ததும் குதித்து இறங்கி, பின்களைப் பொறுக்கி நிறுத்தி, பந்தைச் சரிவில் உருட்டிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வார்கள். அடுத்தவன் பொறுமை இல்லாமல் பந்தை விட்டுவிட்டால் காலோ கையோ போகும். 1910ஐ ஒட்டி லூயிஸ் ஹைன் அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்துக்கொண்டே போனபோது இவர்களையும் எடுத்தார். நள்ளிரவு வரை வேலை செய்த பொடியன்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு “அந்தக் காலம் பொற்காலம்” என்று முழு வாயோடு சொல்ல முடியாது.

1946ல் பஃபலோ நகரப் போட்டியின்போது ஏ.எம்.எஃப் நிறுவனம் தானாகப் பின் அடுக்கும் இயந்திரத்தின் மாதிரியைக் காட்டியது. 1952 வாக்கில் விற்பனைக்கு வந்துவிட்டது. கொஞ்ச வருஷத்தில் பிரன்ஸ்விக் நிறுவனமும் தன்னுடையதைக் கொண்டுவந்தது. கூடங்கள் புற்றீசலாகக் கிளம்பியது அதற்கப்புறம்தான். ஆக, நான் புலம்புகிற பழைய கூடமே ஒரு காலத்தில் வேறு யாரோ புலம்பின புதுமைதான். இதைக் கேள்வி கேட்டவருக்கு ஒரு புள்ளியாகக் கொடுக்கிறேன்.

பிப்ரவரி 12

செருப்பு வாடை, வாடகைக் காலணி பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காதீர்கள்.

பிப்ரவரி 12, சாயங்காலம்

கேட்டுவிட்டார்கள். ஏன் கட்டாயம் மாற்ற வேண்டும், நம் காலணியோடு ஆடினால் என்ன என்று. கடைசி அடியில் ஒரு கால் வழுக்கிக்கொண்டே போய் நிற்க வேண்டும். அதற்காக அடியில் வழவழப்பான தோல். மற்றக் காலால் தள்ள வேண்டும், அதற்கு ரப்பர். சொந்தக் காலணி வாங்குகிறவர்கள் ஒரு கால் தோல், ஒரு கால் ரப்பர் என்று வாங்குவார்கள். வாடகைக் காலணி வலக்கை இடக்கை இருவருக்கும் ஆக வேண்டுமே, அதனால் இரண்டும் வழுக்கும். வெளித் தரையில் நடந்த ஈரக் காலோடு ஓடி வந்தால் கால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஆள் மட்டும் லேனுக்குள் போவான். நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் மேல் விழுந்தவர் எழ முயன்று எழ முயன்று கடைசியில் தவழ்ந்துதான் வெளியே வந்தார். அவர் பின்னாளில் எங்கள் லீக் செயலாளர், ஆகவே இத்தோடு நிறுத்துகிறேன்.

பிப்ரவரி 14

“கணக்கை இயந்திரமே போட்டுவிடுகிறது” என்று கேள்வியில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

மேசையில் ஒளி ஊடுருவும் தாளை வைத்து மெழுகுப் பென்சிலால் எழுதுவோம். எழுதுவது தலைக்கு மேலே திரையில் பெரிதாக விழும். கூடம் முழுக்கப் பார்க்கும். தப்பாகக் கூட்டினால் பத்து லேன் தள்ளியிருந்தவன் எழுந்து வந்து திருத்துவான்.

கூட்டுவதும் லேசில்லை. ஸ்ட்ரைக் விழுந்தால் பத்தோடு அடுத்த இரண்டு வீச்சும் சேரும், ஸ்பேருக்கு (இரண்டு வீச்சில் பத்தும் விழுவது) அடுத்த ஒரு வீச்சு. முதல் ஃபிரேமில், அதாவது முதல் சுற்றில் ஸ்ட்ரைக், இரண்டாவதில் ஏழும் இரண்டும் என்றால் முதல் ஃபிரேம் 19, இரண்டாவதோடு 28. தொடர்ந்து ஸ்ட்ரைக் விழுந்தால் கணக்கு நிலுவையிலேயே நிற்கும், கடைசி இரண்டு கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டங்களில்தான் ருசி. நாலு ஸ்ட்ரைக் தொடர்ந்து போகிறது என்றால் எழுதுகிறவன் கை நடுங்கும், சுற்றி இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பன்னிரண்டும் ஸ்ட்ரைக் விழுந்தால் 300. எங்கள் கூடத்தில் அது விழுந்ததை நான் பார்த்ததில்லை, பதினோராவது வரை பார்த்திருக்கிறேன். கடைசிப் பந்தில் ஒரு பின் ஆடிக்கொண்டே நின்றது. 299. அந்த மனிதர் சிரித்தார். அவர் தம்பிதான் அழுதான்.

1980களில் தானியங்கிக் கணக்கு பரவினபோது எங்களுக்கும் வந்தது. முதலில் எல்லாரும் கொண்டாடினோம், நான் உட்பட. பிறகு பார்த்தால் யாரும் அடுத்தவன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. கணக்கு எழுதுகிறவன் கட்டாயம் எல்லார் பந்தையும் பார்த்தாக வேண்டும், அதுதான் வித்தியாசம். ஒருவன் எங்கே நிற்கிறான், எந்தப் பின்னை அடிக்கடி விடுகிறான் என்றெல்லாம் நான் கற்றது மெழுகுப் பென்சிலோடு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான்.

பிப்ரவரி 15

“ஸ்ட்ரைக் என்பது வேகமாக விட்டால் விழுவது, மிச்சம் அதிர்ஷ்டம்” என்று எழுதினவருக்கு:

சரியான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நாலே நாலு பின்னைத்தான். முன்னாலிருந்து வரிசை வரிசையாக இடமிருந்து வலம் எண்ணினால், வலக்கைக்காரனுக்கு 1, 3, 5, 9. மிச்சத்தைப் பின்களே பார்த்துக்கொள்ளும். ஒன்று இரண்டைத் தள்ளும், இரண்டு நாலை, நாலு ஏழை. மூன்று ஆறை, ஆறு பத்தை. ஐந்து எட்டை. எண்ணிப் பாருங்கள், பத்தும் வரும். இதற்குப் பந்தின் நடு, வலதுபக்கத்திலிருந்து எண்ணினால் பதினேழரையாவது பலகையில், ஆறு டிகிரி வாக்கில் சாய்ந்து உள்ளே நுழைய வேண்டும். நேராக விட்ட பந்துக்கு அந்தச் சாய்வு கிடைக்காது. முதல் பின்னில் பட்டதும் வலதுபக்கம் விலகிவிடும், ஐந்து நின்றுவிடும். வேகத்தைக் கூட்டினால் பின்கள் தலைக்கு மேலே பறக்குமே தவிரப் பக்கவாட்டில் புரளாது. சத்தம் பெரிசாகக் கேட்கும், மூலையில் பத்தாம் பின் சும்மா நிற்கும்.

எல்லாம் சரியாகப் போயும் பத்து நிற்கிற நாட்கள் உண்டு. அதற்கு வேண்டுமானால் அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள். வசை என்றும் சொல்லலாம், கூடத்தில் அதைத்தான் சொல்லுவோம்.

பிப்ரவரி 19

ஏன் மூடினார்கள் என்று கேட்கிறார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. ஓடி வருகிற இடம், லேன், குழி, இயந்திரம், பின்னால் நடைபாதை என்று கூட்டினால் ஒரு லேனுக்கு எண்பது அடிக்கு மேல் நீளம் போய்விடும். அத்தனையும் ஒரே தளத்தில், நடுவில் தூண் இல்லாமல், மேலே அடுக்கு எழுப்பாமல். இடத்தின் மதிப்பு ஏறினால் அந்தக் கட்டடம்தான் முதலில் கண்ணை உறுத்தும்.

லீக் இருந்தவரை அது தாங்கியது. லீக் என்றால் பருவம் முழுக்க வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆட்கள். மழையோ சண்டையோ வந்துதான் ஆக வேண்டும், வராவிட்டால் அணி தோற்கும். கூடத்துக்கு அது உறுதியான வருமானம். எங்களுக்கு, பிடிக்காதவர்களோடும் வருஷக்கணக்கில் பழக வேண்டிய நிர்ப்பந்தம். எனக்கு ஆகவே ஆகாத ஒருவர் எங்கள் அணியில் இருந்தார். கூடத்துக்கு வெளியே பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். என் அப்பா காரியத்துக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

இது எங்கள் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1960களின் நடுவில் பதினோராயிரத்துக்கு மேல் பவுலிங் கூடங்கள் இருந்தன. இன்று அதில் பாதி கூட இல்லை. லீக் ஆட்கள் குறைந்தார்கள், பிறந்தநாள் கூட்டங்கள் வந்தன. பிறந்தநாள் கூட்டத்துக்கு விளக்கும் பாட்டும் போதும், எண்ணெய் எந்த அளவில் இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பிப்ரவரி 23

நேற்று அந்தப் புது இடத்துக்குப் போனேன். கேள்வி கேட்டவருக்காகத்தான் போனேன், அப்படியே நம்புங்கள்.

பின்களின் தலையில் கயிறு. விழுந்ததும் எல்லாவற்றையும் கயிறு மேலே இழுத்துக்கொள்கிறது, நிற்க வேண்டியவற்றை மட்டும் இறக்குகிறது. சக்கரமும் கம்பளப் பட்டையும் கிடையாது. இதை அமெரிக்காவில் பவுலிங் ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பு 2023ல் தனிப் பிரிவாக அங்கீகரித்தது. தனிப் பிரிவு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். சுதந்திரமாகப் புரளுகிற பின் லேனின் குறுக்கே உருண்டு போய்க் கடைசி நொடியில் மூலைப் பின்னைச் சாய்க்கும், அது ஆட்டத்தின் பெரிய சுகம். கயிறு கட்டின பின் அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறது. சில சமயம் ஒன்றின் கயிறு இன்னொன்றைத் தட்டிவிடுகிறது. பின் விழுகிற சத்தமும் சப்பென்று இருக்கிறது.

இவ்வளவும் எழுத வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து லேனில் ஒரு பெண், வயது பத்து இருக்கும். எல்லாத் தடவையும் ஒரே இடத்தில் நின்று விட்டாள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு பலகை நகர்ந்து நின்றாள். அவள் அம்மா “ஏன்டி தள்ளிப்போறே” என்றதற்கு, “இங்கேர்ந்து விட்டா கட்டர்ல (லேன் ஓரத்துப் பள்ளத்தில்) போவுது” என்றாள்.

பிப்ரவரி 24

மேலே எழுதினதைப் படித்துவிட்டு “அப்படியானால் கட்சி மாறிவிட்டீர்களா” என்கிறார்கள். மாறவில்லை. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கயிறு இயந்திரத்தில் பாகங்கள் குறைவு, மின்சாரச் செலவு குறைவு, சத்தத்தை வைத்தே நோவு சொல்லுகிற ஆள் தேவையில்லை. அண்ணன் வேலையை விட்டுப் போன பிறகு எங்கள் கூடத்தில் தினம் இரண்டு லேனாவது மூடிக் கிடந்தது. அவருக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை. அப்போது கயிறு வந்திருந்தால் கூடம் பிழைத்திருக்கும். எனக்கு அது பிடித்திருக்காது, ஆனால் பிழைத்திருக்கும். லீக்கும் நடந்திருக்கும்.

இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், இன்றைய தேதிக்கு, கயிறோடு கூடத்தைக் கொடுங்கள் என்றுதான் சொல்லுவேன். அண்ணன் காதில் போட்டுவிடாதீர்கள்.

மார்ச் 2

லேன் மரம் என்னவாயிற்று? அறுத்து மேசைப் பலகையாக விற்றுவிட்டார்கள். நிறைய ஊர்களில் அதைத்தான் செய்கிறார்கள். மரம் கனத்தது, அம்புக்குறியோடு இருந்தால் கிராக்கி அதிகம். எனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்கவில்லை. அறுபது அடியில் மூன்றடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 5

7-10 ஸ்ப்ளிட்தான் உலகத்திலேயே கஷ்டமானது என்று இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு மூலையில் இரண்டு பின், நடுவில் ஒன்றுமில்லை, பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். 1980ல் மார்க் ராத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் முதன்முதலாக அதை எடுத்தார், அதாவது இரண்டையும் ஒரே பந்தில் சாய்த்தார். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களின் கணக்கில் 4-6-7-9-10ஐ அதைவிட அரிதாகத்தான் எடுக்கிறார்கள். ஒருபக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. அதை விட்டுவிட்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருவதே புத்திசாலித்தனம்.

இவர்களுக்கு நடுவில் ஒருவர் பணிவாகக் கேட்டிருக்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை: “தனியாக நிற்கும் பத்தாம் பின்னை எப்படி எடுப்பது, எப்போது விட்டாலும் கட்டரில் போகிறது.” இதுதான் உருப்படியான கேள்வி. திரும்புகிற பந்தை வைத்து அதை எடுக்கப் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் பந்தை எடுங்கள், அது திரும்பாது. இடதுபக்க ஓரமாக நில்லுங்கள், நடு அம்புக்கு மேலே பந்து போகிற மாதிரி மூலையை நோக்கிக் குறுக்கே விடுங்கள். கட்டரைப் பார்க்காதீர்கள், பார்த்தால் அங்கேதான் போகும். தோள் பின்னைப் பார்த்தபடி இருக்க வேண்டும், லேனைப் பார்த்தபடி இல்லை. முதல் வாரம் வராது. வந்துவிட்டால் ஆட்டத்துக்குப் பத்திருபது புள்ளி கூடும். இடக்கைக்காரராக இருந்தால் இதையெல்லாம் திருப்பிப் போட்டு ஏழாம் பின்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள், என் கூட்டாளி மறுபடி கூப்பிடுவதற்குள் எழுதிவிட்டேன்.